கண் கண்டறி தானியங்கு குவியம்

கண் கண்டறி தானியங்கு குவியம் என்பது எண்ணிம ஒளிப்படக்கருவி தன் முன்னுள்ள காட்சியில் மனித முகத்தையும் அதிலுள்ள கண்ணையும் தானே இனங்கண்டு, அக்கண்ணின் மீது வில்லையைக் குவியச் செய்யும் நுட்பமாகும். ஒளிப்படக் கலைஞரிடையே இது ‘ஐ ஏஎஃப்’ என வழங்கப்படுகிறது. உருவப்படம் எடுப்பதில் இது பெரிதும் பயன்படுகிறது.

தேவை

உருவப்படத்தைக் காண்பவரின் பார்வை முதலில் கண்களையே நாடும். கண் மங்கியிருப்பின், பிற பகுதிகள் தெளிவாக இருந்தாலும் படம் பிழையாகவே தோன்றும். பின்னணியை மங்கச் செய்யும் பொருட்டு உருவப்படங்கள் பெரும்பாலும் அகன்ற துவாரத்தில் எடுக்கப்படுகின்றன. அப்போது புல ஆழம், அதாவது தெளிவாகப் பதியும் பகுதியின் ஆழம், மிகவும் குறுகிவிடும். எடுத்துக்காட்டாக, முழுச்சட்ட உணரியுடைய கருவியில் 85 மி.மீ. வில்லையை எஃப் 1.4 துவாரத்தில் வைத்து, 1.5 மீட்டர் தொலைவிலுள்ளவரைப் படமெடுத்தால் புல ஆழம் ஏறத்தாழ 2.5 செ.மீ. மட்டுமே. மூக்கு நுனியில் குவியம் விழுந்தால் கண்கள் மங்கிவிடும். நடுப்புள்ளியால் கண்ணைக் குவித்தபின் கருவியைச் சற்றுத் திருப்பிச் சட்டகம் அமைக்கும் பழைய முறையிலும் இப்பிழை நேர்வதுண்டு.

வரலாறு

2001 இல் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் ஆகியோர் முகங்களை விரைந்து கண்டறியும் படிமுறைத் தீர்வொன்றை வெளியிட்டனர். 2005 இல் வெளியான நிக்கான் கூல்பிக்ஸ் 7900, முகம் கண்டறி குவியத்தைக் கொண்ட தொடக்ககாலக் கருவிகளுள் ஒன்று. 2013 இல் சோனியின் ஆல்ஃபா 7 கருவியில் கண் கண்டறியும் வசதி இடம்பெற்றது. 2019 இல் சோனி, விலங்குகளின் கண்களைக் கண்டறியும் வசதியையும் சில கருவிகளில் சேர்த்தது. 1992 இல் கேனான் ஈஓஎஸ் 5 கருவியில் அறிமுகமான கண்வழிக் கட்டுப்பாடு இதனின்று வேறானது. அது படம் எடுப்பவரின் கண் நோக்கும் திசையைப் பின்பற்றியது.

செயற்பாடு

வயோலா-ஜோன்ஸ் முறை முகத்தின் ஒளி வேறுபாடுகளை அடிப்படையாகக் கொண்டது. கண் பகுதி கன்னங்களை விட இருண்டும், மூக்குத் தண்டு கண்களை விட வெளிறியும் இருக்கும். இத்தகைய எளிய சோதனைகள் அடுக்கடுக்காக நிகழ்த்தப்பட்டு, முகமல்லாத பகுதிகள் விரைவில் விலக்கப்படுகின்றன. பிற்காலக் கருவிகள் பல ஆழ்கற்றல் முறையைப் பயன்படுத்துவதால், பக்கவாட்டில் திரும்பிய முகத்தையும் இனங்காண்கின்றன. ஆடியில்லாக் கருவிகளில் உணரி காட்சியை இடையறாது காண்பதால், அசையும் கண்ணையும் தொடர முடிகிறது.

பயன்படுத்தும் முறை

* அசையாது அமர்ந்திருப்பவருக்கு ஒற்றைக் குவியம் போதும். குழந்தைகள், நடனக் கலைஞர் போன்று அசைபவர்களுக்குத் தொடர் குவியம் ஏற்றது.
* முகம் சாய்வாக இருக்கும்போது, கருவிக்கு அண்மையிலுள்ள கண்ணைக் குவிப்பது வழக்கம். பல கருவிகளில் இடக்கண், வலக்கண் எனத் தெரிவு செய்யலாம்.
* குழுப்படத்தில் ஒருவரின் கண் மட்டும் தெளிவாக அமைந்தால் போதாது. துவாரத்தைக் குறுக்கிப் புல ஆழத்தை மிகுதியாக்க வேண்டும்.

வரம்புகள்

குறைந்த ஒளி, எதிரொளி, மூக்குக்கண்ணாடியின் பளபளப்பு, கண்ணை மறைக்கும் கூந்தல் ஆகியவை கண்டறிதலைத் தடுக்கலாம். சில வேளைகளில் கருவி கண்ணின் பாவையை விட்டு, இமை மயிரிலோ கண்ணாடிச் சட்டத்திலோ குவிந்துவிடும். கூட்டத்தில் வேறொருவரின் முகத்தைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. எனவே, எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிக் கண்ணின் தெளிவைச் சரிபார்த்தல் இன்றியமையாததாகும்.