மணியார்டரில் போன வாடகை

“இப்ப என்ன அவசரம்? பெறகு வாங்கிக்கிறேன், போங்க.”

முதல் தேதியன்று வாடகைப் பணத்தோடு வாசலில் நிற்பவரிடம் வீட்டுக்காரர் இப்படிச் சொன்னால், கேட்பவருக்கு மனசு குளிர்ந்துவிடும். அந்தப் பணம் அன்றைக்கே வேறு செலவுக்கு ஆகும். அடுத்த மாதமும் இதே பதில்தான். மூன்றாம் மாதம் வக்கீல் நோட்டீஸ் வரும்: வாடகை பாக்கி, வேண்டுமென்றே கட்டவில்லை, வீட்டைக் காலி செய்க. ரசீது போடும் பழக்கமே இல்லாத ஊரில், ‘நான் கொடுக்கத்தான் போனேன், அவர்தான் வாங்கவில்லை’ என்பதை எதை வைத்து நிரூபிப்பது? இதற்குப் பதிலாகத்தான் தபால்காரர் வழியாக வாடகை அனுப்பும் ஏற்பாடு பிறந்தது. பரமக்குடி முன்சீப் கோர்ட் வளாகத்தில் பழைய வக்கீல் குமாஸ்தா யாரைக் கேட்டாலும், “மொதல்ல எம்.ஓ. போடுங்க” என்றுதான் ஆரம்பிப்பார்.

வாடகையில் அரசு தலையிடலாம் என்ற எண்ணம் போர்க்காலத்தில் முளைத்தது. 1915-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் வேலைக்கும் ஆயுதத் தொழிற்சாலைக்கும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். வீடு போதவில்லை. ஆண்கள் பலர் போர்முனையில் இருந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் போன்ற பெண்கள் தெருத்தெருவாக ஆள் சேர்த்து, ஏற்றிய வாடகையைத் தர முடியாது என்று நின்றுவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், வாடகையை 1914 ஆகஸ்ட் நிலவரத்தில் நிறுத்தி வைக்கும் சட்டம் பிரிட்டனில் வந்துவிட்டது. அதே வழியில் பம்பாய்க்கு 1918-லும் கல்கத்தாவுக்கு 1920-லும் வாடகைச் சட்டங்கள் வந்தன.

சென்னை மாகாணம் அப்போது வேறு ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டது. பிறர் மனையை வாடகைக்கு எடுத்து, அதில் தங்கள் காசில் வீடு கட்டிக் குடியிருந்தவர்கள் அவர்கள். 1921-ம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் அவர்களுக்கானது. கட்டிய வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்குப் பாதுகாப்பு கிடைக்க இன்னொரு உலகப்போர் தேவைப்பட்டது. 1941-ல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. போர் முடிந்ததும் 1946-ல் அது சட்டமானது. 1949-ல் அதற்குப் பதில் வேறு சட்டம். அதையும் மாற்றி, வக்கீல்கள் இன்றும் ‘பழைய ஆக்ட்’ என்று சொல்லும் 1960-ம் ஆண்டுச் சட்டம் வந்தது. சென்னைக்கும் எல்லா நகராட்சிகளுக்கும் அது பொருந்தியது. பரமக்குடிக்கு அதைக் கேட்டு வாங்கிய தெருப் போராட்டக் கதை எதுவும் கிடையாது. மேலிருந்து இறங்கிய சட்டம் அது. அது போன விதத்தையும் பின்னால் பார்ப்போம்.

1960 சட்டத்தின் பெருமையாக எல்லோரும் சொல்வது ‘நியாய வாடகை’. கட்டடத்தின் மதிப்பைக் கணக்கிட்டு, குடியிருக்கும் வீடென்றால் ஆண்டுக்கு அதில் 9 சதவீதம், கடையென்றால் 12 சதவீதம் வாடகையாக நிர்ணயிக்கலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனுவை வீட்டுக்காரரும் போடலாம், குடியிருப்பவரும் போடலாம். இடத்தின் மதிப்பு ஏற ஏற, வாடகையை உயர்த்தித் தரச் சொல்லி வீட்டுக்காரர் மனுப் போடுவதே வாடிக்கையானது. அட்வான்ஸ் கதையும் இப்படித்தான். ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்றது சட்டம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்று ஆனபோது சட்டம் புத்தகத்தில்தான் இருந்தது. மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை தரும் வீடுகளுக்குப் பாதுகாப்பே கிடையாது என்றும் ஒரு பிரிவு இருந்தது. கடைக்கு அப்படி உச்சவரம்பு இல்லாதபோது வீட்டுக்கு மட்டும் ஏன் என்று கேட்டு, உச்ச நீதிமன்றம் 1986-ல் அதைத் தூக்கி எறிந்தது.

என்னைக் கேட்டால், அந்தச் சட்டத்தில் உருப்படியாக வேலை செய்தது, யாரும் மேடையில் பேசாத 8-வது பிரிவுதான். வாடகைக்கு ரசீது கேட்க உரிமை உண்டு என்று அது தொடங்கும். வாங்க மறுத்தால் குடியிருப்பவர் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, எந்த வங்கியில் கட்டட்டும் என்று கேட்க வேண்டும். பத்து நாளுக்குள் வீட்டுக்காரர் வங்கியைச் சொல்லாவிட்டால் மணியார்டர் அனுப்ப வேண்டும். அதற்கான கமிஷனை வாடகையிலேயே கழித்துக்கொள்ளலாம். நூற்றுக்கு ஐந்து ரூபாய் என்று தபால் ஆபீஸ் பிடிக்கிற காசு, வாங்க மறுத்தவர் கணக்கில் போகும். சட்டம் எழுதியவர் யாரோ கொஞ்சம் குறும்பு பிடித்தவர்! மணியார்டரையும் திருப்பி அனுப்பினால், வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் பணத்தைக் கட்டிவிடலாம்.

மணியார்டர் இங்கே 1880-லிருந்து இருக்கிறது. பர்மா, மலேயா, இலங்கை என்று பிழைக்கப் போனவர்கள் நிறைந்த ராமநாதபுரம் சீமைக்கு அந்தப் படிவத்தைப் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை. அடியில் கிழித்துக் கொடுக்கும் துண்டில் நாலு வரி எழுத இடம் இருக்கும். ஊருக்குப் பணம் அனுப்புகிறவர் அதில் நலம் விசாரிப்பார். வாடகைக்காரர் எழுதுவது வேறு: இன்ன கதவு எண் வீட்டுக்கு, இன்ன மாத வாடகை, கமிஷன் போக இவ்வளவு. வாங்கினால் கையெழுத்தோடு ஒப்புகை திரும்பும். வாங்காவிட்டால் தபால்காரர் ‘வாங்க மறுக்கிறார்’ என்று எழுதித் திருப்புவார். காக்கிச் சட்டைக்காரர் போட்ட அந்த ஒரு வரி, நாலு சாட்சிக்குச் சமம். இரு தரப்புக்கும் உறவில்லாத ஆள் அல்லவா எழுதியது.

படியைத் தாண்டினால் மட்டும் விழுந்தோம். வீட்டுக்காரர் மறுத்த கோபத்தில், வங்கி கேட்டு நோட்டீஸ் கொடுக்காமல் நேரே நீதிமன்றத்தில் பணம் கட்டிய தமிழ்நாட்டு வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டும், இல்லையென்றால் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பாகி, குடியிருந்தவர் வெளியேற வேண்டியதாயிற்று. பணம் கட்டியும் வீடு போயிற்று. ஏழைக்காக எழுதிய பிரிவு, வக்கீல் வைத்துப் படிக்க வேண்டிய பிரிவாகிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் இன்றும் உடன்பாடு இல்லை.

இந்த ஏற்பாடு எட்டாத இடமும் பரமக்குடியில் உண்டு: ஒத்தி வீடு. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது கொடுத்ததைத் திருப்பி வாங்குவது மதுரைப் பக்கம் முழுவதும் பழக்கம். மாதாமாதம் ஒன்றும் தராதவர் எதை மணியார்டர் செய்வது? முத்திரைத்தாளில் எழுதி, பதிவு செய்யாமல் டிரங்குப் பெட்டியில் வைத்த காகிதம்தான் கதி. வீட்டுக்காரர் கைவிரித்தால் முழுத் தொகையும் மாட்டிக்கொள்ளும்.

பழைய சட்டம் 2019 பிப்ரவரி 22-ல் முடிந்தது. 2017-ல் இயற்றிய புதிய சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. வாடகை இவ்வளவுதான் என்று புதிய சட்டம் நிர்ணயிப்பதில்லை. இருவரும் எழுதிக்கொண்டதே வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தம் போடாததே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. அதே மூச்சில் ‘மாறாக ஒப்பந்தம் இல்லாதவரை’ என்றும் சொல்கிறது. பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் தீர்ந்தது கதை. வீடு தேடி அலைகிறவர் எதில்தான் கையெழுத்துப் போடமாட்டார்? நியாய வாடகை போனதற்குப் பரமக்குடித் தெருவில் ஒரு தட்டி கூட வைத்ததாக நினைவில்லை. மேலிருந்து வந்தது, மேலேயே போய்விட்டது.

மணியார்டர் மட்டும் பிழைத்துக்கொண்டது. மத்திய அரசு 2021-ல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டத்திலும், வாங்க மறுத்தால் தொடர்ந்து இரண்டு மாதம் தபால் மணியார்டரிலோ வேறு வழியிலோ அனுப்பி, அதன் பிறகு வாடகை அதிகாரியிடம் கட்டலாம் என்று இருக்கிறது. இன்று ஜிபேயில் அனுப்புகிறவர்களுக்குப் பணம் போன தடயம் தானாகவே கிடைத்துவிடுகிறது. குறிப்பில் ‘மார்ச் வாடகை’ என்று இரண்டு சொல் சேர்த்துவிட்டால் அதுவே பழைய துண்டுச் சீட்டின் வேலையைச் செய்யும். ‘கையிலயே குடுத்துருங்க’ என்று கேட்கும் வீட்டுக்காரருக்குத்தான் இன்னும் தபால் ஆபீஸ் தேவைப்படும்.

ஆற்றுக்கு அக்கரை எமனேஸ்வரத்திலும் இக்கரைப் பரமக்குடித் தெருக்களிலும் வாடகை வீட்டில் தறி போட்டிருக்கும் நெசவாளர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. குழித்தறிக்குத் தரையைத் தோண்ட வேண்டும். நெய்கிறவர் அந்தக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்தால்தான் பாவு பிரியும். பழைய சட்டத்தில் கட்டடத்தின் மதிப்பைக் கெடுப்பது காலி செய்ய ஒரு காரணம். புதியதில் சொத்துக்குச் சேதம் வரும்படி பயன்படுத்துவது காரணம். வாய்ப்பேச்சில் “தோண்டிக்கங்க” என்று சொன்ன வீட்டுக்காரர் போய், அவர் மகன் காலம் வந்தால் அந்தக் குழிதான் முதல் குற்றச்சாட்டாக நிற்கும். ஒப்பந்தம் எழுதும்போது வாடகை, அட்வான்ஸ், கரண்ட் பில்லோடு, ‘தறிக்குழி தோண்டச் சம்மதம், காலி செய்யும்போது மூடித் தரப்படும்’ என்று ஒரு வரியைச் சேர்த்தே கையெழுத்துப் போட வேண்டும்.