கொள்ளைநோய்க் காலத்துக் கட்டும் கொடையும்

சங்கரன்கோவிலிலிருந்து இராஜபாளையத்துக்குச் செல்லும் சாலையில், நிட்சேப நதியின் கரையிலே அமைந்த கரிவலம்வந்தநல்லூரை, பால்வண்ணநாதரும் ஒப்பனையம்மையும் எழுந்தருளிய தலமென்று பக்தர்கள் அறிவர். சங்கரன்கோவிலை மண்ணாகவும், தாருகாபுரத்தை நீராகவும், தென்மலையைக் காற்றாகவும், தேவதானத்தை ஆகாயமாகவும் கொண்டு எண்ணும் பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களுள் இதுவே அக்கினித் தலமென்பதும், வரதுங்கராம பாண்டியன் இருந்து தமிழ் வளர்த்த ஊரென்பதும் படித்தவர்களுக்குத் தெரியும். அவ்வரசனுடைய ஏட்டுச் சுவடிகளைத் தேடி இங்கு வந்த உ.வே. சாமிநாதையர், பழுதுபட்ட ஏடுகளை நெய்யிலே தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்ற செய்தியைக் கேட்டு நெஞ்சு பதைத்த வரலாற்றைத் தம் சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார். அக்கினித் தலத்தில் ஏடுகள் அக்கினிக்கே இரையாயின. ஆகவே, கொள்ளைநோய் வந்த காலங்களில் இப்பகுதியின் ஜனங்கள் எவ்வாறு கட்டுண்டார்கள், எவ்வாறு பிழைத்தார்கள் என்பதை, ஊரில் இன்றும் நிலவும் வழக்கங்களிலிருந்தும் சர்க்காரின் சட்டப் புத்தகங்களிலிருந்துமே கோத்தெடுக்க வேண்டியிருக்கிறது.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, அந்நியர் உள்ளே நுழையாமலும், அடுக்களையில் தாளிப்பின் வாசனை எழாமலும், அவ்வீட்டோடு கொடுக்கல் வாங்கல் நிகழாமலும், நோயாளியின் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரையில் குடும்பத்தை ஒதுக்கி வைக்கும் வழக்கத்தைத் தென்பாண்டிச் சீமையில் அறியாதார் இல்லை. அவ்வாறே அம்மன் கொடை என்னும் திருவிழாவுக்குக் கால் நாட்டிக் காப்புக் கட்டிய பிறகு, உள்ளூரார் வெளியூரில் இராத் தங்கலாகாது என்ற விதியும் உண்டு. இவை நோய்த் தடுப்புக்கென்றே ஏற்பட்டவை என்று அறுதியிட்டுச் சொல்லிப் பெருமை கொள்வாரோடு நான் சேரமாட்டேன். ஆயினும், ஊர் விதித்த கட்டுக்கும் ஊர் அளித்த கொடைக்கும் பொக்கிஷம் ஒன்றாகவே இருந்ததென்பது கவனிக்கத்தக்கது. தலைக்கட்டு வரி பிரித்த கையே கஞ்சி காய்ச்சி ஊற்றியது. காப்புக் கட்டச் சொன்ன பெரியவரே, கூலிக்குப் போக இயலாத வீட்டில் உலை கொதித்ததா என்று விசாரிக்கக் கடமைப்பட்டவராகவும் இருந்தார். ஊர்ப்பொது என்பதற்குள் ஊரின் எல்லாத் தெருக்களும் அடங்கியிருக்கவில்லை என்பதையும், ஒதுக்குப்புறத்துத் தெருக்களுக்குக் கட்டு வந்த வேகத்தில் கஞ்சி வரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நியாயம்.

கும்பினியார் ஆட்சி வேரூன்றியபின், 1809 முதல் 1811 வரையில் கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஒரு விஷஜுரம் சூறையாடியபோது, மருத்துவர்களைக் கொண்ட ஒரு குழுவை அனுப்பி ஆராயச் செய்தார்கள். அக்குழுவின் அறிக்கை 1816-இல் லண்டனில் அச்சேறியது. வாந்திபேதி அதன் பின்னே வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில், அன்னம் நாடிக் கூடிய நிவாரண முகாம்களிலேயே அந்நோய் புகுந்து ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. அப்பஞ்சத்தின் பயனாக 1880-இல் பஞ்சக் கமிஷனின் அறிக்கையும், அதைத் தொடர்ந்து மாகாணந்தோறும் பஞ்ச நிவாரண விதித் தொகுப்புகளும் தோன்றின. மழை பொய்த்தால் எப்போது வேலை திறப்பது, என்ன கூலி கொடுப்பது, வேலை செய்ய மாட்டாதவருக்கு எவ்வாறு உணவளிப்பது என்றெல்லாம் அவற்றில் வகுக்கப்பட்டன. கூலி அற்பமே, ஆயினும் விதியென்று ஒன்று இருந்தது.

நோய்க்கு அப்படியொரு விதி பிறக்கவில்லை. 1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியதும், அடுத்த ஆண்டு பிப்ரவரி மாதத்திலேயே தொற்றுநோய்ச் சட்டம் அவசர அவசரமாக நிறைவேறிற்று. நான்கே பிரிவுகள். வீடு, ரயில், கப்பல், பிரயாணி எதையும் சோதிக்கவும் ஒதுக்கி வைக்கவும் சர்க்காருக்கு அதிகாரம்; மீறியவனுக்குத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு; நல்லெண்ணத்தோடு செயல்பட்ட உத்தியோகஸ்தருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு. கட்டுண்டவனுடைய ஜீவனோபாயத்தைப் பற்றியோ அடைபட்ட கடையைப் பற்றியோ தனியே ஒரு வாக்கியமும் இல்லை. செலவை யார் ஏற்பது என்று சர்க்கார் தீர்மானிக்கலாம் எனச் சொல்லுமிடத்தில், நஷ்டஈடு ஏதேனும் இருப்பின் அதுவும் சேர்த்து என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு குறிப்பு மாத்திரம் உண்டு. சென்னை மாகாணத்திலோ, நோய்ப் பிரதேசத்திலிருந்து வருவோர் பிளேக் பாஸ்போர்ட் என்னும் சீட்டைப் பெற்று, பத்து நாள் வரையில் அதிகாரிகள் முன் ஆஜராகிவர வேண்டுமென்று விதித்தார்கள். ஜோலார்பேட்டை போன்ற ரயில் சந்திப்புகளில் பிரயாணிகளை இறக்கிச் சோதித்தார்கள். ஆஜராகும் நாளுக்குரிய கூலி அவரவர் நஷ்டம்.

இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலியாட்களின் நிலை சற்றே வேறு. முதலில் தூத்துக்குடிக்கு அருகேயுள்ள தட்டப்பாறை முகாமிலும், 1914-இல் தனுஷ்கோடி – தலைமன்னார் மார்க்கம் திறந்தபின் மண்டபம் முகாமிலும் அவர்களைச் சில நாள் அடைத்து வைத்து, அம்மை, வாந்திபேதி முதலியவை இல்லையென்று கண்ட பிறகே கப்பலேற்றினார்கள். அடைபட்ட நாட்களில் அவர்களுக்குச் சோறு போட்டார்கள். தர்ம சிந்தையால் அன்று. அக்கரையில் தேயிலைச் செடி அவர்களுடைய கைகளுக்காகக் காத்திருந்தது. கட்டும் கொடையும் சேர்ந்து வந்த அபூர்வமான சந்தர்ப்பங்களில் இது ஒன்று என்பதும், அது முதலாளியின் தேவையால் நேர்ந்ததென்பதும் சிந்திக்கத்தக்கவை. 1918-இல் விஷக்காய்ச்சல் எனப்பட்ட இன்புளுயன்ஸா தேசமெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது நேர்ந்தது இதற்கு நேர்மாறானது: பெரிய கட்டும் இல்லை, பெரிய கொடையும் இல்லை. அவ்வருஷம் செப்டம்பரில் மாகாணத்தின் பல ஊர்களில் அரிசிக் கடைகளும் தானியக் கிடங்குகளும் கொள்ளையிடப்பட்டன. விலையேற்றத்தையும் நோயையும் பசி வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

ராஜாஜி மந்திரிசபையின் காலத்தில் இயற்றப்பட்ட 1939-ஆம் வருஷத்துச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்திய மாகாணங்களில் இத்துறையை முழுமையாகத் தழுவி எழுந்த முதற்சட்டமென்று போற்றப்படுவது. திருவிழாக்களுக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கும் கரிவலம்வந்தநல்லூர் ஆவணித்தபசுக்கும் கூடும் ஜனத்திரளை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு, குடிநீர், கழிவிடம், நோய்த்தடுப்பு ஆகியவற்றைப் பற்றிய அவ்வத்தியாயத்தின் அவசியம் விளங்கும். எண்பது வருஷங்களுக்குப் பின் அதே சட்டத்தை 2020 செப்டம்பரில் திருத்தி, முகக்கவசம் அணியாதவருக்கு 200 ரூபாயும், பொது இடத்தில் எச்சில் துப்பினவருக்கு 500 ரூபாயும், விதி மீறிய வியாபார ஸ்தலத்துக்கு 5,000 ரூபாயும் அபராதமென்று வகுத்தார்கள்.

இனி, நம் கண்ணெதிரே நிகழ்ந்த கொரோனாக் காலத்துக்கு வருவோம். 2019 நவம்பரில்தான் திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்தது. நான்கு மாதங்கள் கழிந்து, 2020 மார்ச் 24-ஆந் தேதி மாலை தமிழகமெங்கும் 144 தடையுத்தரவும், மறுநாள் முதல் தேச முழுவதும் ஊரடங்கும் அமலாயின. கரிவலம்வந்தநல்லூருக்கு வடக்கே மாவட்ட எல்லை கடந்து சிறிது தூரத்தில் இருக்கும் இராஜபாளையம், விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பஞ்சாலைக்கும் சந்தைக்கும் வைத்தியத்துக்கும் போய்வரும் ஜனங்கள் அதுகாறும் எல்லையென்ற ஒன்றை உணர்ந்ததேயில்லை. ஜூன் மாதத்தில் மாநிலத்தை எட்டு மண்டலங்களாக வகுத்தபோது, தென்காசி ஒரு மண்டலத்திலும் விருதுநகர் வேறொரு மண்டலத்திலும் விழுந்தன. அவ்வெல்லையைத் தாண்ட இ-பாஸ் வேண்டும். அதைப் பெறக் கைபேசியும் தக்க காரணமும் வேண்டும். செப்டம்பர் முதல் தேதி அது நீங்கும் வரையில், பழைய பிளேக் பாஸ்போர்ட்டின் பேரப்பிள்ளை போலவே அது ஜனங்களை ஆட்டிவைத்தது. கோயில்கள் அடைபட்டன, கல்யாணங்கள் சுருங்கின, ஆகவே சங்கரன்கோவில் மலர்ச் சந்தையை நம்பிச் செடி வைத்தவர்கள், பூவைப் பறித்தால் பறிகூலி நஷ்டம், பறியாவிட்டால் செடி நஷ்டமென்று தவித்தார்கள். விசைத்தறிகள் ஓசையற்று நின்றன; தறியாளுக்கு நெய்த சேலைக்குத்தான் கூலி, நின்ற நாளுக்கு இல்லை.

இம்முறை கொடை வந்தது என்பதை மறைப்பது பாவம். அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அரிசிக் குடும்ப அட்டை ஒன்றுக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் அறிவித்தார். ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து வழங்கினார்கள். இரண்டாவது அலையின்போது, மு.க. ஸ்டாலின் 2021 மே 7-ஆந் தேதி முதலமைச்சராகப் பதவியேற்ற அன்றே கையெழுத்திட்ட உத்தரவினால், ஏறக்குறைய 2 கோடியே 7 லட்சம் அட்டைகளுக்கு, இரண்டு தவணையாக 4,000 ரூபாயும், ஜூன் மாதத்தில் 14 வகை மளிகைப் பொருள்களும் கிடைத்தன. மத்திய சர்க்கார் ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மூன்று மாதம் 500 ரூபாய் வீதம் செலுத்திற்று. இவ்வளவு விரிவான ரொக்க உதவியை முந்தைய எந்தக் கொள்ளைநோயும் கண்டதில்லை. ரேஷன் கடை என்னும் ஒரு ஸ்தாபனம் ஊர்தோறும் வேரூன்றியிருந்தபடியால்தான் அது சாத்தியமாயிற்று என்பது என் துணிபு.

ஆனால் கொடை, பெயர்ப் பட்டியலின் வழியே நடந்தது. நல வாரியத்தில் பதிந்த கட்டடத் தொழிலாளிக்கும் கைத்தறியாளருக்கும் உதவி வந்தது. பதியாதவர் அதே வேலையைச் செய்தும் பெறவில்லை. பி.எம். கிசான் தவணை, நிலம் தன் பெயரில் இருந்தவருக்கு. வாரத்துக்குப் பூச்செடி வைத்தவருக்கு இல்லை. தெருவோர வியாபாரிக்கு 10,000 ரூபாய்க் கடன் தரும் திட்டம் நகரத்து வியாபாரியை நோக்கி எழுந்தது. கரிவலம்வந்தநல்லூர்க்காரர் தம் ஊர்ச் சாலையோரத்தில் காய் விற்றால் அதற்குப் புறம்பானவர், சங்கரன்கோவில் நகராட்சிக்குள் கூடையைக் கொண்டு போய் விற்றால் கேட்கத் தகுதியுடையவர். சிறுதொழில்களுக்கென்று 3 லட்சம் கோடி ரூபாய் அளவில் உத்தரவாதக் கடன் அறிவித்தார்கள். அதுவும் வங்கியில் ஏற்கனவே கடன் நிலுவை உள்ளவனுக்கே, நிலுவையில் இருபது சதவீதம். தண்டல்காரனிடம் வாங்கி முதல் போட்டவனுக்கு எந்த வங்கியும் நிலுவை காட்டாது. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் இறுதிவரை தவணையை ஒத்திவைத்ததேயன்றி வட்டியை ஒழிக்கவில்லை. வட்டிக்கு வட்டி வாங்கலாகாதென்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தபோது, முழு வட்டியையும் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது.

2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், உயிரிழப்புக்கு உதவித்தொகையையும் ஜீவனோபாயத்தை மீட்பதற்கான உதவியையும் பெயரளவில் குறிப்பிடுகிறது. அதைக் கொண்டுதான் நீதிமன்றம் வற்புறுத்தி, இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கச் செய்தது. தொழிலை இழந்து உயிரோடிருந்தவருக்கு அவ்வாறு கேட்டுப் பெறும் பாத்தியதை உண்டாகவில்லை. கட்டு என்றும் சட்டமாக வந்தது. கொடை என்றும் ஆள்வோரின் தயையாகவே வந்தது. 1897-ஆம் வருஷத்துச் சட்டமும் 2020-இல் திருத்தம் பெற்றது: மருத்துவ ஊழியரைத் தாக்கிக் கொடுங்காயம் விளைவித்தவனுக்கு ஏழு வருஷம் வரை சிறையும், அவர்களுடைய சொத்தைச் சேதப்படுத்தினவன் சந்தை மதிப்பில் இரு மடங்கு நஷ்டஈடு தர வேண்டுமென்பதும் புதிதாகச் சேர்ந்தன. அத்திருத்தம் நியாயமானதே. அடைக்கப்பட்டவனுக்குரிய நஷ்டஈடு மாத்திரம் இன்னும் அந்த அடைப்புக்குறிக்குள்ளேயே இருக்கிறது.