அபிஷேகத் தண்ணியும் காலாங் ஆறும்

வழக்கம்போல வெள்ளிக்கிழமை வரலாற்றுப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பூசை முடிஞ்சு வீட்டுக்குப் போற பஸ்ஸில் படிச்சிடலாம்.

அபிஷேகத்துக்குக் குழாயைத் திறந்து குடத்தை நிரப்புறோம். அந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு பிள்ளைங்க கேட்டா என்ன சொல்வீங்க? ஒரு பங்கு ஜொகூரிலிருந்து வருது. இன்னொரு பங்கு, நம்ம புளோக் கூரையிலும் ரோட்டிலும் கோயில் வாசலிலும் பெய்த மழை. லோங்காங்கில் ஓடி, நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, சுத்தமாகித் திரும்பி வந்த தண்ணி. சிங்கப்பூர் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இன்றைக்கு மழைநீர் பிடிக்கும் பகுதி. அதனால் லோங்காங்கின் கதை நம்ம சாமியின் திருமஞ்சனக் கதையும்தான்.

முதலில் நம்ம கோயில் வரலாறு. 1819ல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. இந்துக்களுக்கு ஒரு கோயில் வேணும்னு நிலம் கேட்டார். முதலில் தெலுக் ஆயர் தெருவில் இடம் கொடுத்தாங்க. கடற்கரைப் பக்கம், ஆனா பூசைக்கு வேண்டிய நல்ல தண்ணி பக்கத்தில் இல்லை. அதனால் அந்த இடம் வேண்டாம்னு ஆச்சு. அடுத்து இன்றைய ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய்ப் பக்கம் ஓர் இடம். அது நகரத் திட்டத்துக்கு ஒத்து வரலை. கடைசியில் 1823ல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் கிடைச்சது. 1827ல் மரமும் அத்தாப்பும் வைத்து அங்கே எழுந்ததுதான் இன்றைய ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் தொடக்கம். இந்தத் தீவில் நம்ம முதல் கோயில் இடம் மாறியதற்கே தண்ணி ஒரு காரணம்!

பிறகு ஊர் வளர்ந்தது. ஓடைகள் கால்வாய் ஆச்சு, சில கால்வாய்கள் ரோட்டுக்கு அடியிலேயே போயிடுச்சு. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. 1978 டிசம்பர் 2ஆம் தேதி 24 மணி நேரத்தில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டியது, வெள்ளத்தில் 7 பேர் இறந்தாங்க. பெய்த மழையைச் சீக்கிரம் கடலுக்குத் தள்ளணும். அதுக்குச் சிமெண்ட் கால்வாய் நல்லா வேலை செஞ்சது.

ஆனா இதே ஊர் 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை, பத்து மாதம், தண்ணிப் பங்கீட்டில் தவிச்ச ஊர். வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. வாளியோடு வரிசையில் நின்ற கதை சொல்வாங்க. ஒரு பக்கம் தண்ணிப் பஞ்சம், இன்னொரு பக்கம் வானம் கொடுத்ததைக் கடலுக்கு அனுப்புறோம். அதோடு, வேலிக்கு அந்தப் பக்கம் சிமெண்ட் பள்ளத்தில் ஓடுற தண்ணியை ஆறுன்னு யார் நினைப்பாங்க? சிகரெட் துண்டும் பிளாஸ்டிக் பையும் அதில்தான் விழுந்தது.

இந்த இடத்தில் கோயில் குளத்தை நினைச்சுப் பாருங்க. தமிழ்நாட்டில் பெரிய கோயில்களில் தெப்பக்குளம் இருக்கும். நாலு பக்கமும் படிக்கட்டு, நடுவில் நீராழி மண்டபம். மழை நல்லா பெய்தால் படிகள் மூழ்கும், வெயில் காலத்தில் ஒவ்வொன்றா வெளியே வரும். ஊரில் எவ்வளவு தண்ணி இருக்குன்னு சின்னப் பிள்ளைக்கும் கண்ணால் தெரியும். தெப்பத்தில் சாமி வலம் வரணும், அதனால் குளத்தைத் தூர் வாரி வைக்கணும். அழகு, பக்தி, சேமிப்பு மூன்றும் ஒரே இடத்தில். கண்ணுக்குத் தெரிகிற தண்ணியை மனுஷன் காப்பாத்துவான். மறைச்சு வைத்த தண்ணியை மறந்துடுவான்.

இதே எண்ணம் நம்ம காலத்தில் வேறொரு வழியில் வந்தது. ஹெர்பர்ட் டிரைசைட்டில் என்று ஜெர்மனியில் ஒரு கலைஞர், நில வடிவமைப்பாளர். பெர்லின் நகரின் போட்ஸ்டாமர் பிளாட்ஸ் பகுதியை மறுபடி கட்டியபோது, கட்டடக் கூரைகளில் விழும் மழையை நிலத்தடித் தொட்டிகளில் சேர்த்து, கழிவறைக்கும் செடிக்கும் போக, மிச்சத்தை நகர நடுவில் குளமாகவும் ஓடையாகவும் ஓட விட்டார். 1998ல் அது திறக்கப்பட்டது. குளத்தில் வளரும் நாணல் செடிகளே தண்ணியைச் சுத்தம் செய்ய உதவுது. பொது இடக் கலைன்னா சிலை மட்டும்தானா? மழையே அங்கே கலைப்பொருள்.

அந்த நேரத்தில் சிங்கப்பூரும் மாறிக்கொண்டிருந்தது. 1977 முதல் 1987 வரை பத்து வருஷம் பாடுபட்டு சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுமுகத்தையும் சுத்தம் செஞ்சாங்க. 2008ல் மரீனா அணைக்கட்டு திறந்தது. அதோடு நகரத்தின் நடுப்பகுதியே நீர்த்தேக்கத்துக்குத் தண்ணி கொடுக்கிற இடமாச்சு. சுமார் 10,000 ஹெக்டர், தீவில் ஆறில் ஒரு பங்கு. காட்டு நீர்த்தேக்கத்துக்கு வேலி போடலாம். சிராங்கூன் சாலைக்கும் தோ பாயோவுக்கும் எப்படி வேலி போடுவது? மக்களே காவல் இருந்தால்தான் உண்டு. மக்கள் காவல் இருக்கணும்னா முதலில் அந்தத் தண்ணி மேல் ஆசை வரணும். அதற்காகப் பொதுப் பயனீட்டுக் கழகம் 2006ல் துடிப்பு, அழகு, தூய்மை என்ற மூன்று சொல்லை வைத்து நீர்நிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

முதலில் எடுத்த இடங்களில் காலாங் ஆற்றங்கரையில் இருக்கும் கோலாம் ஆயர் ஒன்று. நாம வாசலில் போடுற கோலம்னு நினைக்காதீங்க. நம்ம ‘குளம்’தான் மலாய் மொழியில் ‘கோலாம்’ ஆச்சு!

அதே ஆற்றில் டிரைசைட்டில் செய்ததுதான் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டுச் சிமெண்ட் கால்வாயை உடைச்சு, 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறா மாற்றினாங்க. 2012 மார்ச்சில் திறந்தது. கரையைப் பிடிச்சு நிற்பது கல்லும் செடி வேரும். உடைச்ச சிமெண்டைக்கூட வீணாக்காம, பூங்காவுக்குள்ளேயே ஒரு சின்னக் குன்று கட்டப் பயன்படுத்தினாங்க. சாதாரண நாளில் பிள்ளைங்க இறங்கிக் கால் நனைக்கலாம். பெருமழை வந்தால் ஆறு அகலமாகிப் புல்வெளியை எடுத்துக்கும், எச்சரிக்கை விளக்கும் ஒலியும் வரும், நாம மேலே ஏறிடணும். தெப்பக்குளப் படி மாதிரியே, தண்ணி ஏறுவதும் இறங்குவதும் கண் முன்னால் நடக்குது. நீர்நாய்க் குடும்பம் ஒன்று அங்கே குடியேறி ஊருக்கே செல்லமாச்சு. இன்றைக்கு அந்த ஆற்றில் குப்பை போட்டால் பக்கத்தில் நடக்கிற தாத்தாவே ஒரு வார்த்தை கேட்பார். வேலி போட்ட கால்வாய்க்கு அப்படிக் கேட்க யார் இருந்தாங்க?

2019ல் சாங்கி விமான நிலைய ஜுவலில் திறந்த 40 மீட்டர் நீர்வீழ்ச்சியையும் நீங்க போட்டோ எடுத்திருப்பீங்க. அதில் கொட்டுறதும் கூரையில் சேர்கிற மழைநீர்தான்.

இப்போ நம்ம கடமைக்கு வருவோம். இந்த ஊரில் இரண்டு வழி தனித்தனி. சிங்க், கழிவறை, உள்ளே தரை கழுவும் தண்ணி எல்லாம் கழிவுநீர்க் குழாய்க்குப் போய்ச் சுத்திகரிக்கப்படுது, அதில் ஒரு பகுதி புதுநீராகுது. வெளியே திறந்திருக்கும் லோங்காங் மழைக்கு மட்டும். அதில் போடுறது நேரா நீர்த்தேக்கத்தை நோக்கித்தான் போகும். அதனால் தொண்டூழியர்களுக்கும் பக்தர்களுக்கும் மூன்று வேண்டுகோள்:

பால்குடம், அபிஷேகம் முடிஞ்சு பாத்திரம் கழுவுற தண்ணியை வெளி லோங்காங்கில் ஊற்றாதீங்க. உள்ளே கழுவும் இடத்தில் ஊற்றுங்க.

விளக்கு எண்ணெயை எங்கேயும் ஊற்றாம, தாளில் துடைச்சுக் குப்பைத் தொட்டியில் போடுங்க.

மாலை, எலுமிச்சை, வாழை இலையை ஆற்றில் விடும் பழக்கம் வேண்டாம். கோயிலில் வைத்திருக்கும் தொட்டியில் போட்டாலே போதும்.

ஆற்றில் விடுவது புண்ணியம்னு பெரியவங்க சொன்னது, ஆறு ஊரைத் தாண்டி ஓடிய காலத்தில். இங்கே ஆறு சுற்றி வந்து நம்ம குடத்திலேயே விழுது. நாளைக்கு அம்மன் தலையில் ஊற்றப்போகிற தண்ணியில் நேற்றைய எண்ணெய் மிதக்கலாமா?

பள்ளி விடுமுறையில் பிள்ளைங்களை பீஷான் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போங்க. இதுவும் அபிஷேகத் தண்ணின்னு காட்டுங்க. அடுத்த வாரம் சந்திப்போம். அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் கோயில் தொண்டூழியர்