கல்லில் வெட்டிய கூட்டக் குறிப்பு

ஊர்ச்சபைகளின் முடிவுகளையும் அறக்கொடைகளையும் கல்லிலும் செம்பிலும் வெட்டிவைக்கும் வழக்கம் தொண்டை மண்டலத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலை நம்பி அப்பி என்பவர் எடுப்பித்ததைப் பல்லவன் அபராசிதவர்மனின் 18ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அரசனே பாடிய வெண்பாவும் அங்கு வெட்டப்பட்டுள்ளது. அருகிலுள்ள வேலஞ்சேரியில் 1977இல் கிடைத்த செப்பேடுகளில் ஒரு தொகுதி அபராசிதனுடையது. மற்றொன்று முதலாம் பராந்தக சோழன் 932இல் வெளியிட்டது.

இவை கொடை ஆவணங்கள். ஒரு சபையின் கூட்டக் குறிப்பு என்றே கொள்ளத்தக்கவை, அதே பராந்தகன் காலத்தில் உத்திரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட இரு கல்வெட்டுகள். சபையின் குழுக்களான வாரியங்களுக்கு ஆள் தேரும் முறையை அவை வகுக்கின்றன. 919இல் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டுகளில் அது 35 முதல் 70 வரை என மாறியது. முதல் தீர்மானத்தைவிட இரண்டாவது மிக விரிவானது.

எதை விரிவாக எழுதினார்கள் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. ஊரின் 30 குடும்புகளும் (பிரிவுகள்), வரி செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு என்ற தகுதிகளும் அளவோடு சொல்லப்படுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய இன்னின்ன உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகாதவர்கள். ஓலைகள் இடும் குடத்தை மூத்த நம்பி (கோயில் அர்ச்சகர்) ஒருவர் எல்லோரும் காண உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஏதுமறியாச் சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். சபையின் நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். அரசனின் ஆணைப்படி உடனிருந்த அதிகாரியின் பெயரும், எழுதிய மத்தியஸ்தனின் பெயரும் இடம்பெற்றுள்ளன. ஆனால் கூட்டத்தில் யார் என்ன பேசினார், யார் மறுத்தார் என்பது இல்லை. முறைகேட்டுக்கு இடமுள்ள பகுதிகளில் நுணுக்கமும், விவாதத்தில் மௌனமும் இக்குறிப்பின் இயல்பு.

இன்றைய இந்திய நிறுவனச் சட்டமும் ஏறத்தாழ இதே கோட்டில் நிற்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, இயக்குநர் குழுக் கூட்டங்களிலும் அதன் துணைக்குழுக் கூட்டங்களிலும் நடந்தவற்றின் நியாயமான, சரியான சுருக்கத்தையே கேட்கிறது. சொல்லுக்குச் சொல் பதிவு தேவையில்லை. வந்திருந்த இயக்குநர்களின் பெயர்களும், தீர்மானத்தை ஏற்காதவர்களின் பெயர்களும் கட்டாயம். அவதூறானது, பொருத்தமற்றது, நிறுவன நலனுக்குக் கேடானது என்று தலைவர் கருதுவதை விட்டுவிடலாம். கூட்டம் முடிந்து 30 நாட்களுக்குள் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். பக்கங்களுக்குத் தொடர் எண் இட வேண்டும். கம்பெனிச் செயலாளர்கள் கழகத்தின் செயலகத் தரநிலைப்படி, வரைவு 15 நாட்களுக்குள் இயக்குநர்களுக்குச் சென்று, அவர்கள் 7 நாட்களில் கருத்துச் சொல்ல வேண்டும்.

உத்திரமேரூர்ச் சபை குறிக்காத மறுப்பை இன்றைய சட்டம் குறிக்கச் சொல்கிறது. முடிவுக்கு ஒவ்வொருவரும் தனித்தனியே பொறுப்பேற்க வேண்டியிருப்பதால் இந்த மாற்றம் அவசியமானது. முடிவு, அதன் காரணம், பொறுப்பாளர், மறுப்பு ஆகிய நான்கும் தெளிவாக இருந்தால் குறிப்பு போதிய அளவு விரிவானதே. அதற்கு மேல் நீளும் பக்கங்கள் வழக்கறிஞருக்கே பயன்படும்.