ஹில்ஸ்பரோ: செத்தவர்கள் மேல் போட்ட பழி

நெரிசலில் மக்கள் சாகும்போதெல்லாம் முதலில் எழும் குரல், "ஒழுங்கு தெரியாத கூட்டம்" என்பதுதான். அந்தக் குரல் எதை மறைக்கிறது என்பதை ஹில்ஸ்பரோவின் வரலாறு காட்டுகிறது.

1989 ஏப்ரல் 15. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ மைதானம். கால்பந்து அரையிறுதி. லிவர்பூலிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் மக்கள். வாசலில் நெருக்கடி கூடியதும் போலீஸ் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப்பகுதிக்குப் போகும் வழியை அடைக்கவில்லை. எதிரே, ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கக் கூடாது என்று போட்ட இரும்பு வேலி. காயங்களின் பாதிப்போடு வாழ்ந்து 2021இல் இறந்தவரையும் சேர்த்து 97 பேர் பலியானார்கள். இளையவருக்கு வயது 10.

40க்கும் மேற்பட்ட ஆம்புலன்ஸ்கள் வந்தன. அடிபட்டவர்கள் கிடந்த இடத்துக்கு இரண்டு மூன்றுதான் போய்ச் சேர்ந்தன. விளம்பரப் பலகைகளைப் பெயர்த்து ஸ்ட்ரெச்சராக்கி ரசிகர்களே ஆட்களைச் சுமந்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 66 பேர் இறந்தபின் 1975இல் மைதானப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஹில்ஸ்பரோவுக்கு 1979இல் சான்றிதழும் கொடுத்தார்கள். 1981இல் அதே பகுதியில் நெரிசலில் 38 பேர் காயமடைந்தார்கள். அதற்குப் பின்னும் சான்றிதழைத் திருத்தவில்லை.

பழி மட்டும் உடனே வந்தது. ரசிகர்கள்தான் கதவை உடைத்தார்கள் என்று பொறுப்பிலிருந்த போலீஸ் அதிகாரி பொய் சொன்னார். குழந்தைகள் உட்பட இறந்தவர்களின் ரத்தத்தில் மது இருக்கிறதா என்று சோதித்தார்கள். 'தி சன்' பத்திரிகை அவதூறை முதல் பக்கத்தில் போட்டது. முதல் விசாரணை, மாலை 3.15க்குப் பிறகு நடந்த எதையும் ஆராய மறுத்தது. அதாவது, மருத்துவ உதவி ஏன் வரவில்லை என்ற கேள்வியையே மூடியது.

குடும்பங்கள் விடவில்லை. 2012இல் சுயேச்சைக் குழு ஆவணங்களைத் திறந்தது. 164 போலீஸ் வாக்குமூலங்கள் கணிசமாகத் திருத்தப்பட்டிருந்தன. 41 பேர் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்கள் மேல் தவறில்லை என்றும் 2016இல் ஜூரி சொன்னது. 27 ஆண்டுகள்!

1990இல் வந்த டெய்லர் அறிக்கை சில கணக்குகளைப் பரிந்துரைத்தது: 1,000 பேருக்கு ஒரு முதலுதவியாளர், 2,000ஐத் தாண்டினால் மருத்துவர், 5,000 என்றால் ஆம்புலன்ஸ், 25,000ஐத் தாண்டினால் 50 பேர் வரை சிகிச்சை தரக்கூடிய தனி வாகனம்.

தோழர்களே, அந்த வேலியைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மக்களை ஆபத்தானவர்களாகப் பார்க்கும் அரசு வேலி போடும். ஆபத்தில் இருப்பவர்களாகப் பார்த்தால்தான் மருத்துவரை அனுப்பும். சேரியிலிருந்து திரளும் மக்களை அதிகாரம் எப்படிப் பார்க்கிறது என்பது நமக்குத் தெரியும். ஏப்ரல் 14 ஆனாலும் டிசம்பர் 6 ஆனாலும், எத்தனை போலீஸ் என்று அவர்கள் கணக்குச் சொல்லும்போது நாம் கேட்க வேண்டியது: எத்தனை மருத்துவர்? ஆம்புலன்ஸ் எந்த வழியாக உள்ளே வரும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.