கேள்வி நேரமும் மலைநாட்டு மக்களும்

பாராளுமன்றத்திலே அமைச்சர்களைக் கேள்வி கேட்கும் வழக்கம் ஆங்கிலேயரிடமிருந்து நமக்கு வந்தது. அவர்களுடைய பிரபுக்கள் சபையில் 1721ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் கௌப்பர் பிரபு எழுந்து, தென்கடற் கம்பெனியின் காசாளர் ரொபேட் நைற் என்பவன் நாட்டை விட்டு ஓடிப்போனானே, அவன் பிறசல்ஸ் நகரில் பிடிபட்டதாக வந்த செய்தி மெய்தானா என்று அரசாங்கத்தைக் கேட்டார். ஏடுகளில் பதிவான முதற் கேள்வி இதுவே என்பர். நாட்டை விட்டு ஓடிய ஒருவனைப் பற்றியதாக முதற் கேள்வி அமைந்தது வியப்பே! ஏனெனில், ஊவா மலைகளிலே தேயிலை வளர்த்த நம்மவரைப் பற்றிச் சபைகளில் எழுந்த கேள்விகள் பலவும், 'இவர்கள் எந்த நாட்டார்? எங்கே போகவேண்டியவர்கள்?' என்பதையே சுற்றி வந்தன. அக்கேள்விகள் கொழும்பிலும் கேட்கப்பட்டன, டில்லியிலும் கேட்கப்பட்டன. நெடுங்காலம் இவ்விரு சபைகளுக்கும் வாக்களிக்கும் உரிமை இல்லாதிருந்தவர் நம்மவரே.

பழைய கதையைச் சிறிது சொல்லவேண்டும். 1920ஆம் ஆண்டுகளில் சட்டநிரூபண சபையில் இந்தியர் பிரதிநிதியாக அமர்ந்த கோ. நடேச ஐயர், தோட்டத் தொழிலாளருடைய சம்பளம், துரைமாரின் கெடுபிடி, கங்காணிமாரின் கடன் ஆகியவற்றைச் சபையிலே எழுப்பியவர். துணி வியாபாரி வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைக் கண்டறிந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமையைத் தந்தபோது, பெரி சுந்தரம் அட்டன் தொகுதியிற் போட்டியின்றித் தெரிவாகி, தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். எனவே, நம்மவர் ஒருவர் கேள்வி கேட்பவராக மட்டுமன்றி விடை சொல்பவராகவும் அந்நாளிலேயே இருந்தார் என்பதை இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம். 1936இல் அதே அட்டன் தொகுதியில் நடேச ஐயர் வென்று 1947 வரை அரசாங்க சபையில் இருந்தார்.

இனி நமது பதுளைக்கு வருவோம். சோல்பரி அரசியற்றிட்டத்தின்படி அமைந்த பிரதிநிதிகள் சபையில் 101 ஆசனங்கள்; அவற்றில் 95 மக்களாற் தெரிவானவை. பதுளை இரட்டை அங்கத்தவர் தொகுதி. வாக்காளர் ஒருவர் தமக்குரிய இரு வாக்குகளையும் இருவருக்குப் பகிர்ந்தளிக்கலாம்; ஒருவருக்கே கொடுக்கவும் செய்யலாம். சிறுபான்மையினர் கூடித் தம்முள் ஒருவரை அனுப்புவதற்கு இது வழி செய்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் சமசமாஜக் கட்சியின் ஜே. சி. ரி. கொத்தலாவலையும், இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையாவும் பதுளையின் உறுப்பினராயினர். (பின்னாளிற் பிரதமரான சேர் ஜோன் கொத்தலாவலை வேறொருவர், பெயரொற்றுமை கண்டு மயங்கற்க.) அத்தேர்தலில் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கொல்லையில் ஸி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் என மலைநாடெங்கும் நம்மவர் தெரிவாகினர். பசறையிலும் மடுல்சீமையிலும் பிரட்டுக்களத்திலே பெயர் கூப்பிடும்போது மட்டும் தம் பெயரைக் கேட்டுப் பழகியவர்கள், வாக்குச் சாவடியிலே தம் பெயர் அழைக்கப்படுவதைக் கேட்ட ஆண்டு அது.

அந்தக் குரல் ஒழிக்கப்பட்ட விதம் நாம் ஆற அமர நோக்கவேண்டியது. 1948 ஓகஸ்ட் மாதத்தில் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா பிரசாவுரிமை மசோதாவைக் கொண்டுவந்தார். ஒருவன் இந்நாட்டிற் பிறந்திருந்தாற் போதாது. அவன் தந்தை இங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும் என்பது அதன் சாரம். லயத்துக் காம்பராவிற் பிறந்த பிள்ளைக்கே பிறப்புப் பத்திரம் எடுத்துவைக்கும் வழக்கம் அரிதாயிருந்த காலத்தில், பாட்டனுடைய பத்திரத்துக்கு எங்கே போவது? எதிர்க்கட்சியினர் பலர் கடுமையாக எதிர்த்தனர். இடதுசாரிகளும், எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோரும் எதிர்த்துப் பேசியும், மசோதா 53க்கு 35 என்ற வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவர் தொகை சிறிதன்று என்பதை மறக்கலாகாது. சிங்கள உறுப்பினர் பலரும் அதிலே அடங்குவர். ஆனால் சபையில் நியாயத்தை நிறுப்பதில்லை, கைகளையே எண்ணுகின்றனர்.

அடுத்த ஆண்டில் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்பு, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபித்தால் விண்ணப்பிக்கலாம் என்றது அச்சட்டம். ஊருக்குப் போய்த் திரும்பிய ஒவ்வொரு பயணமும் வழக்காயிற்று. காங்கிரஸ் முதலிற் பகிஷ்கரித்துப் பின்னர் மனம் மாறியதால், இறுதி நாளாகிய 1951 ஓகஸ்ட் 5க்கு முன்னுள்ள மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறக்குறைய 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. பகிஷ்காரத்திற் கழிந்த மாதங்கள் நம்மவருக்கு உதவினவோ என்பது பற்றிப் பெரியோரிடையே இரு கருத்து உண்டு. நம் கருத்தில், அது விலை மிகுந்த தாமதம்.

1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. பிரசைகளல்லாதோர் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கியது. 1952 ஏப்ரல் இறுதியில் காங்கிரஸ் தலைவர்கள் பிரதமர் காரியாலயத்தின் முன்னே சத்தியாக்கிரகம் தொடங்கினர். மே மாதத் தேர்தலோ அதற்குக் காத்திருக்கவில்லை. புதிய சபையில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

அதன்பின் நம்மைப் பற்றிய விடைகள் இரண்டு தலைநகர்களிலே சொல்லப்பட்டன. கொழும்பு அரசாங்கம், இலங்கைப் பிரசையாகாதவர் இந்தியரே என்றது. டில்லியிலோ பிரதமர் நேரு, இந்திய அரசியற் சட்டத்தின்படி உரிய முறையிற் பதிவு செய்துகொண்டவரே இந்தியப் பிரசைகள், ஏனையோர் இலங்கையின் பொறுப்பு என்றார். இரண்டு விடையும் அவரவர் சட்டப்படி சரியே! இரண்டுக்கும் நடுவே நின்றவனுக்கு 'நாடற்றவன்' என்ற பெயர் வந்தது. 1954இல் நேருவும் கொத்தலாவலையும் செய்த உடன்படிக்கை இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கிட்டனர்: இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 லட்சம்; எஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தனர். பாகப்பிரிவினையிற் காணி பூமிக்குக்கூட 'யாருக்கு எது வேண்டும்' என்று கேட்பதுண்டு. இங்கே அந்த மக்களைக் கேட்டாரில்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் புகைவண்டி ஏறியவர்கள் தலைமன்னார் வழியே இராமேசுவரம் சேர்ந்தனர். அந்த வண்டிக்கு மலைநாட்டார் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

சபையிற் குரல் இல்லாமை லயத்தில் எவ்வாறு தெரிந்தது? பாடசாலை, வைத்தியம், பாதை, குடிநீர் யாவும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பென்று அரசாங்கம் கருதியது. நிர்வாகமோ கணக்குப் பார்த்தே செலவிட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் முழுமையாக ஏற்றது 1970ஆம் ஆண்டுகளிலேதான். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நேரே சேவை செய்வதற்குத் தடையாய் நின்றது. வாக்களித்துச் சபையைத் தெரிவு செய்யலாம், ஆனால் அச்சபை லயத்துக்குச் செல்லும் பாதையிற் கல் போட இயலாது என்னும் இந்த விசித்திரம் 2018இல் வந்த திருத்தத்தோடுதான் நீங்கியது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட்காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அவ்விடம் ஆபத்தானதென்று அதிகாரிகள் முன்னரே எச்சரித்திருந்தமை வெளிவந்தது. மக்களை ஏன் அகற்றவில்லை, அகற்றும் கடமை யாருடையது என்று நாடே கேட்டது. காணி யார் பேரில் உள்ளதோ அவரா, தோட்டத்தை நடத்தும் கம்பெனியா, பிரதேச செயலகமா? கைகள் ஒன்றையொன்று சுட்டின.

அரசியலிற் குரல் மீண்ட வரலாற்றைச் சுருக்கிச் சொல்வோம். 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாவில் மூன்றாம் உறுப்பினராகத் தெரிவான தொண்டமான், மறு ஆண்டு அமைச்சரானார். 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்ற நிலைக்கு முடிவு தேடின. 2003 ஒக்டோபரில் வந்த சட்டம் ஒருமனதாக நிறைவேறியது. 1948இல் 53க்கு 35 என்று பிளவுண்ட சபையின் வாரிசுகள், 55 ஆண்டு கழித்து ஒரே குரலிற் பேசினர்.

ஆயினும் ஒரு பகுதியினர் அந்தச் சட்டத்துக்கு எட்டாத தூரத்தில் இருந்தனர். 1977, 1981, 1983 ஆண்டுகளின் கலவரங்களில் அடிபட்டவர்கள் அவர்கள். 1983 ஜூலையில் பதுளை நகரத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்ததை நம்மிற் பெரியோர் கண்ணாற் கண்டுள்ளனர். மலைநாட்டிலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சென்றவர் பலர், அங்கும் போர் சூழவே படகேறித் தமிழகம் சேர்ந்தனர். இந்திய உள்துறை அமைச்சு தந்த கணக்கின்படி 1983 ஜூலை முதல் 2012 ஓகஸ்ட் வரை 3,04,269 இலங்கை அகதிகள் இந்தியா வந்தனர். பின்னைய ஆண்டறிக்கைகள், தமிழகத்து முகாம்கள் 108இல் 58,843 பேரும், முகாம்களுக்கு வெளியே சுமார் 34 ஆயிரம் பேரும் இருந்ததாகக் கூறின. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. ஆதலால் புகலிடம் என்பது அங்கே சட்டத்தின் உரிமையாக அன்றி, அரசாங்கத்தின் தயவாகவே நிற்கிறது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டாரையே குறித்தது. இலங்கையர் ஏன் விடுபட்டனர் என்ற கேள்வி டில்லிச் சபைகளில் எழுந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மதுரையிலே நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், இந்திய வம்சாவளியினரான மலையக அகதிகள் 65 பேரின் வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசாங்கத்துக்குப் பணித்தார். 2021 ஓகஸ்டில் தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், முகாம்களில் 7,469 வீடுகள் கட்டித்தரப்படும் என்றும், அவை இனி 'மறுவாழ்வு முகாம்' என்று வழங்கும் என்றும் சட்டசபையில் அறிவித்தார்.

இலங்கைச் சபையும் 2009இல் தன் சட்டத்தைத் திருத்தி, இந்தியா சென்ற வம்சாவளியினரும் பிரசாவுரிமை பெற வழி செய்தது. ஆக, தெமோதரையிலோ லுணுகலையிலோ பிறந்து கொட்டப்பட்டு முகாமில் மூத்துவிட்ட ஒருவர், ஒரு நாட்டிலே சட்டப்படி பிரசையாகலாம். மற்ற நாட்டிலே பேரப்பிள்ளைகளை வளர்த்துவிட்டார். அவர் எங்கே இருக்க விரும்புகிறார் என்பதை 1964இல் எவரும் கேட்கவில்லை. முகாமில் இத்தனை பேர் உளர் என்று எண்ணிக்கை கூறும் அமைச்சர்களின் விடைகளிலும் அது இடம்பெறுவதில்லை.