கழித்தெறிந்த கருமண்

அமெரிக்காவில் இன்று நெவாடா மாநிலம் எனப்படும் வறண்ட மலைநாட்டில், 1859-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பீட்டர் ஓ'ரைலி, பாட்ரிக் மக்லாக்லின் என்னும் இருவர் பொன்மணல் அரித்துக்கொண்டிருந்தனர். தொட்டில் போன்ற மரப்பெட்டியில் மண்ணையிட்டு நீர்விட்டு ஆட்டினால், இலேசான மணல் ஓடிவிடும். கனத்த பொன் அடியில் தங்கும். அவர்கள் அறிந்த கலை அவ்வளவே. ஆனால் நீலம் பாய்ந்த கருமண் ஒன்று பெட்டியை அடைத்துக்கொண்டு பெருந்தொல்லை தந்தது. அதை வாரி வெளியே எறிந்தனர்.

குறிப்பு ஒன்று அவர்கள் கையிலேயே இருந்தது. அப்பகுதிப் பொன் வெளிறியது. வணிகர் அதற்குக் குறைந்த விலையே கொடுத்தனர். அவ்வெளிறல் வெள்ளிக் கலப்பின் அடையாளம். விலை குறைந்ததற்கு வருந்தினரேயன்றி, ஏன் குறைந்தது என்று அவர்கள் கேட்கவில்லை.

அக்கருமண்ணிற் சிறிது கலிபோர்னியாவுக்குச் சோதனைக்குச் சென்றது. டன்னுக்கு 3,000 டாலருக்கு மேற்பட்ட மதிப்பு என்று முடிவு வந்தது. அதிலும் பெரும்பங்கு பொன் அன்று, வெள்ளி!

வெள்ளி கந்தகத்தோடு கூடினால் கறுத்துவிடும். நம் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதும் இதனாலேயே. நிலத்தின் மேற்பகுதியிற் காற்றும் மழைநீரும் புகுந்து வெள்ளியிற் பெரும்பகுதியைக் கரைத்துச் செல்கின்றன. பொன் எளிதிற் கரையாதாதலின் அங்கேயே நின்றுவிடுகிறது. எனவே மேலே பொன்னைக் கண்டவன் கீழேயும் பொன்னையே எதிர்பார்க்கிறான். இக்காலத்தில் பாறைத்துண்டுகளை மெருகிட்டு நுண்ணோக்கியில் வைத்து, பொன்னும் வெள்ளியும் எந்தெந்தக் கனிமத்தில் எவ்வாறு அடங்கியுள்ளன என்று ஆராய்கின்றனர்.

இவ்வெள்ளியை முன்னரே அறிந்தோர் இருவர் உண்டு. ஆலன், ஹோசியா கிராஷ் என்னும் அவ்வுடன்பிறந்தார் வெள்ளித்தாதைப் பற்றித் தந்தைக்குக் கடிதமும் எழுதினர். 1857-இல் ஹோசியா காலிற்பட்ட புண்ணால் மாண்டார். அவ்வாண்டின் இறுதியில், பனி மூடிய சியரா மலையைக் கடந்த துன்பத்தால் ஆலனும் மாண்டார்.

மக்லாக்லின் தம் பங்கை 3,500 டாலருக்கு விற்றுவிட்டார். அது காம்ஸ்டாக் தாதுநரம்பு எனப் பெயர்பெற்றது. 1866-இல் வெளியான அறிக்கையொன்றில், ஜெர்மானிய நிலவியலறிஞர் பெர்டினாண்ட் பான் ரிக்தோபன், அந்நரம்பு ஆழத்திலும் தொடரும் என்று எழுதினார். 1873-இல் மக்கே, பேர் ஆகியோரின் குழுவினர் 1,100 அடிக்கும் கீழே பெருந்தாதுத்திரளை அடைந்தனர். அதிலிருந்து 10 கோடி டாலருக்கு மேற்பட்ட வெள்ளியும் பொன்னும் வெளிவந்தன.